இரு படங்களுக்கு நடுவே: டைம்லாப்ஸ், ஸ்டாப் மோஷன் பதிவில் மென்பொருளால் ஆவதும் ஆகாததும்

மொட்டு ஒன்று பத்தே விநாடிகளில் மலர்ந்து முடிக்கும் காணொளியும், களிமண் பொம்மை ஒன்று எழுந்து நடக்கும் காணொளியும் பார்ப்பவருக்கு வேறு வேறு வித்தைகளாகத் தோன்றலாம். கேமராவுக்கு இரண்டும் ஒன்றுதான்: ஒரு நிழற்படம், சற்று இடைவெளி, அடுத்த நிழற்படம். அந்த இடைவெளியில் யார் அசைகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. டைம்லாப்ஸில் உலகம் தன் போக்கில் நகர்ந்துகொண்டிருக்க, எடுப்பவர் கைகட்டிக் காத்திருக்கிறார். ஸ்டாப் மோஷனில் உலகம் அசையாமல் நிற்க, எடுப்பவர் கைநீட்டிப் பொம்மையை ஒரு மில்லிமீட்டரோ இரண்டு மில்லிமீட்டரோ நகர்த்திவிட்டு விலகிக்கொள்கிறார். முன்னதில் நேரம் சுருங்குகிறது; பின்னதில், இல்லாத நேரம் கையால் உண்டாக்கப்படுகிறது.

எடுத்த படங்களை வரிசையாகக் கோத்துக் காணொளியாக்கும் வேலையை இன்றைய படத்தொகுப்பு மென்பொருள்கள் சில நிமிடங்களில் முடித்துவிடுகின்றன. எடுக்கும்போது நேரும் குறைகளையெல்லாம் பிறகு கணினியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் புதிதாகத் தொடங்குபவர்களிடம் வேரூன்றிவிடுவதற்கு இந்த வசதியே காரணம். நிறம், வெளிச்சம், படத்தின் ஓரங்களை வெட்டுவது, படங்களின் வரிசை ஆகியவற்றைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரிதான். மினுக்கம், லேசான ஆட்டம் போன்றவற்றில் அது பாதி சரி. இரு படங்களுக்கு நடுவே விட்ட இடைவெளியைப் பொறுத்தவரை அது முற்றிலும் தவறு. அங்கே படமே எடுக்கப்படவில்லை என்பதால் திருத்துவதற்கும் எதுவும் இல்லை.

விநாடிக்கு ஏறத்தாழ 12 படங்கள் கண்முன் மாறும்போது, தனித்தனிப் படங்களைக் காண்பதை விட்டு நாம் அசைவைக் காணத் தொடங்குகிறோம். பேசும் படங்கள் வந்த 1920களின் இறுதியில் திரைப்படம் விநாடிக்கு 24 ஃபிரேம் என்ற வேகத்தில் நிலைபெற்றது. தொலைக்காட்சி, அந்தந்த நாட்டு முறைக்கேற்ப 25, 30 என்ற வேகங்களை எடுத்துக்கொண்டது. குறைந்த வேகத்தில் எடுத்துக் கூடுதல் வேகத்தில் காட்டினால் நேரம் சுருங்கிவிடும் என்பதைத் திரைக்கலையின் தொடக்க காலத்திலேயே கண்டுகொண்டார்கள். ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஃபெஃபர் 1898 முதல் 1900 வரை செடிகளின் அசைவுகளை இவ்வழியில் பதிவுசெய்தார். இங்கிலாந்தின் பெர்சி ஸ்மித் 1910இல் மலர்கள் விரிவதைப் படமாக்கினார். அன்று அதற்கெனத் தனியாகப் பொறியமைத்துச் செய்ததை இன்று கேமராவுக்குள்ளேயே இருக்கும் இன்டர்வலாமீட்டர், அதாவது குறித்த இடைவெளியில் தானாகப் படம் எடுக்க வைக்கும் கருவி, செய்துவிடுகிறது. கணக்கு மட்டும் மாறவில்லை.

அந்தக் கணக்கு எளியது. நிகழ்வு எவ்வளவு நேரம் நீடிக்கும், அதை எத்தனை விநாடிக் காணொளியாக்க வேண்டும், விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற மூன்றும் தெரிந்தால் இடைவெளி கிடைத்துவிடும். அவரை விதை ஒன்று மண்ணைப் பிளந்து வெளிவந்து முதல் இலைகளை விரிக்க ஐந்து நாள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாள் என்பது 4,32,000 விநாடி. விநாடிக்கு 25 ஃபிரேம் வீதம் 20 விநாடிக் காணொளி வேண்டுமானால் 500 படங்கள் தேவை. வகுத்துப் பார்த்தால் 864 விநாடிக்கு, அதாவது 14 நிமிடம் 24 விநாடிக்கு ஒரு படம்.

இந்த விடையை அப்படியே கேமராவில் இட்டவர்களில் நானும் ஒருவன். விதை ஐந்து நாளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்பது காணொளியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. முதல் மூன்று நாள் மண் வெறுமனே கிடக்கிறது. பிறகு சில மணி நேரத்துக்குள் தண்டு வளைந்து மேலெழுந்து, நிமிர்ந்து, தலையில் ஒட்டியிருக்கும் தோலை உதறுகிறது. காணொளியின் உயிர் அந்தச் சில மணி நேரத்தில் இருக்கிறது. 14 நிமிடத்துக்கு ஒரு படம் என்றால், மூன்று மணி நேர நிமிர்வுக்குக் கிடைப்பவை 12 அல்லது 13 படங்கள். திரையில் அது அரை விநாடி. கண் சிமிட்டினால் போயிற்று. ஆகவே இடைவெளியை நிகழ்வின் சராசரி வேகத்தைக் கொண்டு அல்ல, அதன் மிக விரைவான கட்டத்தைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். மறுமுறை மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக 2,400 படங்கள் எடுத்தபோது அதே நிமிர்வுக்கு 60 படங்கள் கிடைத்தன. வெறும் மண் கிடந்த மூன்று நாளையும் படத்தொகுப்பின்போது பத்து மடங்கு விரைவாக்கி ஓரிரு மூச்சில் கடந்துவிட முடிந்தது.

படங்கள் மிகுதியாக இருந்தால் மென்பொருளில் ஒன்றுவிட்டு ஒன்றாக நீக்கலாம். குறைவாக இருந்தால் கூட்ட வழியில்லை. இந்த ஒருதலைப்பட்சமான உண்மையை மிக அழகாகப் பயன்படுத்திக்கொண்டது செல்பேசி. 2014இல் ஐஓஎஸ் 8 வழியாக ஐஃபோன் கேமராவில் டைம்லாப்ஸ் வசதி சேர்க்கப்பட்டபோது, அதில் இடைவெளியைக் கேட்கும் பெட்டி எதுவும் இல்லை. பயனர் எவ்வளவு நேரம் பதிவுசெய்யப் போகிறார் என்பது செல்பேசிக்குத் தெரியாது. ஆகவே விநாடிக்கு இரண்டு படங்களாகத் தொடங்கும். பத்து நிமிடம் கடந்ததும், அதுவரை எடுத்தவற்றில் பாதியை நீக்கிவிட்டு, இனி விநாடிக்கு ஒன்று என்று மாறிக்கொள்ளும். 20 நிமிடம் கடந்தால் மீண்டும் பாதி, 40 நிமிடத்தில் மீண்டும் பாதி. இதனால் 15 நிமிடம் எடுத்தாலும் பத்து மணி நேரம் எடுத்தாலும் கிடைக்கும் காணொளி 20 விநாடிக்கும் 40 விநாடிக்கும் இடையிலேயே நிற்கும். நெருக்கமாக எடுத்துப் பின்னர் கழிப்பது என்ற கொள்கை அப்படியே மென்பொருளாக உருவெடுத்திருக்கிறது. விரும்பிய வேகத்தை நாமே வைத்துக்கொள்ள முடியாது என்பது அதன் குறை. கூடுதல் கட்டுப்பாடு வேண்டுவோர் தனிச் செயலிகளை நாடுவது அதனால்தான்.

நெருக்கமாக எடுப்பதற்கும் எல்லை உண்டு. 24 மெகாபிக்சல் கேமரா, பதிந்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்பு ஒன்று ஏறத்தாழ 25 முதல் 30 மெகாபைட் வரை இருக்கும். 2,400 படங்கள் என்றால் 60 ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். ஒளிக்கு வழிவிட்டு மூடும் கேமராவின் இயந்திர ஷட்டரும் தேயும் பொருள். பல கேமராக்களில் அது ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் முறை வரை இயங்கும் என்ற மதிப்பீட்டில் அமைக்கப்படுகிறது. வாரம் ஒரு டைம்லாப்ஸ் எடுப்பவர் இரண்டே ஆண்டில் அந்த எண்ணிக்கையை எட்டிவிடலாம். மின்னணு ஷட்டர் உள்ள கேமராக்களில் இந்தக் கவலை இல்லை.

அப்படியானால் ஒரேயடியாகக் காணொளியாகவே எடுத்து, படத்தொகுப்பில் வேகத்தைக் கூட்டிவிட்டால் என்ன என்ற கேள்வி எழும். குறுகிய நேர நிகழ்வுகளுக்கு அது நல்ல வழியே. ஆனால் ஒரு மணி நேரத்தை விநாடிக்கு 30 ஃபிரேம் வீதம் எடுத்தால் 1,08,000 ஃபிரேம்கள் சேரும். பத்து விநாடியாகச் சுருக்கும்போது அவற்றில் 300 மட்டுமே திரைக்கு வரும். மேலும், 4கே காணொளியின் ஒரு ஃபிரேமில் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள்தான். 24 மெகாபிக்சல் நிழற்படம் அதைப்போல் மூன்று மடங்கு. இவற்றைவிட முக்கியமான வேறுபாடு, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் பற்றியது.

கூட்டம் நிறைந்த சாலைச் சந்திப்பை, இரண்டு விநாடிக்கு ஒரு படமாக, ஒவ்வொன்றையும் 1/500 விநாடியில் எடுத்தால் நடப்பவர்கள் ஒவ்வொரு படத்திலும் கத்தி முனைபோல் தெளிவாக இருப்பார்கள். திரையிலோ அவர்கள் நடக்க மாட்டார்கள். ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் முளைப்பார்கள். அசைவு இயல்பாகத் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு படத்திலும் சிறிது மங்கல் இருக்க வேண்டும். திரைப்படக் கேமராவில் ஷட்டர், ஒரு ஃபிரேமுக்கு உரிய நேரத்தில் பாதி நேரம் திறந்திருப்பதே வழக்கம். 180 டிகிரி விதி என்று அதைச் சொல்வார்கள். அதே விகிதத்தை இங்கும் பின்பற்றி, இரண்டு விநாடி இடைவெளிக்கு ஒரு விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தால், நடப்பவர்கள் மங்கலான கோடுகளாக நீண்டு, ஒரு படத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்வார்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு விநாடி திறந்தால் படம் வெளுத்துவிடும் என்பதால் லென்ஸின் முன்னே என்டி ஃபில்டர் என்ற கருங்கண்ணாடியைப் பொருத்துவார்கள். ஒளியை ஒருமுறை பாதியாக்குவது ஒரு ஸ்டாப் என்பதால், ஆறு ஸ்டாப் ஃபில்டர் ஒளியை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும்; 1/60 விநாடி தேவைப்பட்ட இடத்தில் ஒரு விநாடி வைக்கலாம்.

இங்கே மென்பொருளும் ஓரளவு கைகொடுக்கிறது. காணொளியாக எடுத்தவர், ஒவ்வொரு 360 ஃபிரேம்களில் ஒன்றை மட்டும் பொறுக்குவதற்குப் பதிலாக, அந்த 360இன் சராசரியையும் ஒரே படமாக்கச் சொல்லலாம். விளைவு, நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைத்ததற்கு ஒப்பாக இருக்கும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலும் குறையும். திரைக்கு வராத ஃபிரேம்கள் வீணாகாத இடம் இது ஒன்றுதான். மாறாக, 1/500 விநாடியில் எடுத்த தனிப் படங்களுக்கு நடுவே அசைவைக் கணித்து மங்கலைச் சேர்க்கும் கருவிகள் மேகங்களிடம் நன்றாகவும் மனிதர்களிடம் அரைகுறையாகவும் வேலை செய்கின்றன. இரண்டு விநாடியில் ஒருவர் எங்கே போனார் என்பதை ஊகிக்க மென்பொருளுக்கும் ஆதாரம் வேண்டுமல்லவா?

டைம்லாப்ஸ் எடுப்பவர்களின் நீண்ட நாள் தொல்லை மினுக்கம். காணொளி ஓடும்போது வெளிச்சம் துடிதுடித்து ஏறி இறங்கும். படத்தின் வெளிச்ச அளவைக் கேமராவே தீர்மானிக்கும் தானியங்கி எக்ஸ்போஷரை விட்டுவைத்தால் இது வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சட்டத்துக்குள் வந்தால் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். ஆனால் எல்லாவற்றையும் மேனுவலில் வைத்த பிறகும் மினுக்கம் வருவதுதான் பலரைக் குழப்புகிறது. குற்றவாளி லென்ஸுக்குள் இருக்கிறது. நவீன லென்ஸ்களில் ஒளி நுழையும் துளை பொதுவாக முழுதாகத் திறந்தே இருந்து, ஷட்டர் விழும் கணத்தில் மட்டும் எஃப் 8, எஃப் 11 என்று நாம் வைத்த அளவுக்குச் சுருங்கும். அந்தச் சிறு தகடுகள் ஒவ்வொரு முறையும் மயிரிழை மாறாமல் அதே இடத்தில் நிற்பதில்லை. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் தெரியாத அளவே இருக்கும். விநாடிக்கு 25 வீதம் ஓடவிட்டால் கண் உடனே பிடித்துவிடுகிறது.

இதைத் தவிர்க்கத் துளையை முழுதாகத் திறந்த நிலையிலேயே எடுக்கலாம். துளை வளையத்தைக் கையால் திருப்பும் பழைய லென்ஸைப் பயன்படுத்தலாம். இன்னொரு தந்திரமும் உண்டு. வசதியுள்ள கேமராக்களில், புலத்தின் ஆழத்தை, அதாவது எவ்வளவு தொலைவு வரை தெளிவாகப் பதியும் என்பதை, முன்கூட்டியே காட்டும் பொத்தானை அழுத்தித் துளையைச் சுருங்க வைத்து, அந்த நிலையிலேயே லென்ஸைச் சற்றே திருகி மின் தொடர்பைத் துண்டித்துவிடுவார்கள். தகடுகள் அப்படியே உறைந்துவிடும். லென்ஸ் முழுதாகப் பூட்டப்படாமல் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்கார என்னால் முடிவதில்லை. நான் பழைய லென்ஸின் பக்கம் சாய்பவன்.

மினுக்கத்தை நீக்கும் மென்பொருள்கள் ஒவ்வொரு படத்தின் சராசரி வெளிச்சத்தையும் அளந்து, ஏறி இறங்கும் அந்தக் கோட்டைச் சீரான வளைவாக மாற்றி, அதற்கேற்ப ஒவ்வொரு படத்தையும் சிறிது கூட்டியோ குறைத்தோ அமைக்கின்றன. துளைத் தகடுகளால் வந்த மினுக்கம் படம் முழுவதும் ஒரே அளவாக இருப்பதால் இந்த வழியில் ஏறத்தாழ முழுதும் மறைந்துவிடும். சூரியனை மறைத்து விலகும் மேகத்தால் வெளிச்சம் மாறினால் கதை வேறு. அது பிழை அல்ல, நிகழ்வின் பகுதி. அதையும் சமன்செய்யச் சொன்னால் நிழல் படியும் கணத்தில் வானம் மட்டும் காரணமின்றி வெளுக்கும். ஆகவே, எந்த மாற்றம் கேமராவுடையது, எது உலகத்துடையது என்று பிரித்து, அளக்கும் பகுதியைத் திரையில் கட்டமிட்டுக் காட்ட வேண்டிய பொறுப்பு தொகுப்பவருடையதாகிறது.

பகல் இரவாவதைத் தொடர்ச்சியாக எடுப்பதை இத்துறையினர் கிட்டத்தட்டக் கிடைத்தற்கரிய பேறாகவே கருதுகிறார்கள். நண்பகலுக்கும் நிலவற்ற இரவுக்கும் இடையே ஒளி 15 ஸ்டாப்புக்கும் மேல் மாறும்; ஒவ்வொரு ஸ்டாப்பும் பாதியாகக் குறைவது என்பதால், இரவின் ஒளி பகலொளியில் முப்பதாயிரத்தில் ஒரு பங்குகூட இராது. எந்த ஒற்றை அமைப்பாலும் இதைப் பிடிக்க முடியாது. அதனால் எடுப்பவர் இருட்ட இருட்ட ஷட்டர் வேகத்தையும், கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவையும் ஒரு ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்காகப் படிப்படியாக மாற்றிக்கொண்டே போகிறார். வெளிச்சம் படிக்கட்டு இறங்குவதுபோல் துள்ளுகிறது. ஜெர்மானிய நிழற்படக் கலைஞர் குந்தர் வெக்னர் உருவாக்கிய எல்ஆர்டைம்லாப்ஸ் என்ற மென்பொருள் இந்தச் சிக்கலுக்கு நேர்த்தியான தீர்வு கண்டது. ஒவ்வொரு கோப்பிலும் கேமரா எழுதிவைத்திருக்கும் ஷட்டர், துளை, ஐஎஸ்ஓ விவரங்களைப் படித்து, எந்தப் படத்தில் எவ்வளவு துள்ளல் நேர்ந்தது என்பதை அது துல்லியமாக அறிந்து, அதற்கு எதிரான அளவை அந்தந்தப் படத்தின் ரா திருத்தத்தில் சேர்த்துவிடுகிறது. தொகுப்பவர் சில முக்கியப் படங்களை மட்டும் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் திருத்தினால் போதும். நடுவிலுள்ள நூற்றுக்கணக்கான படங்களுக்கு மாற்றம் படிப்படியாகப் பரப்பப்படும். ஒளியின் நுண்ணிய படிநிலைகளைப் பதிந்து வைக்கும் ரா கோப்பின் 12 அல்லது 14 பிட் ஆழம்தான் இதற்கு இடம் தருகிறது. 8 பிட் ஜேபெக்கில் இதையே செய்தால் அந்தி வானம் பட்டை பட்டையாகப் பிளந்துவிடும்.

ஸ்டாப் மோஷனுக்கு வந்தால் மென்பொருளின் இடமே மாறிவிடுகிறது. டைம்லாப்ஸில் அது படம் எடுத்து முடிந்த பிறகு வருகிறது; இங்கே ஒவ்வொரு படத்தை எடுக்கும்போதும் கூடவே நிற்கிறது.

ஃபிலிம் காலத்தில் பொம்மையை நகர்த்துபவருக்கு, தான் என்ன செய்தோம் என்பது ஃபிலிம் கழுவி வரும்வரை தெரியாது. முந்தைய நிலையில் மூக்கு நுனி எங்கே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள, இயந்திரப் பட்டறைகளில் மட்டம் பார்க்கப் பயன்படும் ஊசித் தாங்கி ஒன்றைப் பொம்மையின் முன் நிறுத்தி, முனையை மூக்கில் தொடவைத்து, பொம்மையை நகர்த்தி, எவ்வளவு விலகியது என்று பார்த்துவிட்டு, தாங்கியை எடுத்த பிறகு படம் எடுப்பார்கள். எடுக்க மறந்த ஊசி படத்தில் தலைகாட்டிய கதைகளும் உண்டு. 1933இன் 'கிங் காங்' படத்தில் குரங்கின் உரோமம் காற்றில் அலைவதுபோல் ஓயாமல் புரள்வதைக் காணலாம். ஒவ்வொரு நகர்த்தலிலும் பட்ட விரல்களின் தடம் அது. ஒரு ஃபிரேமில் எடுபடாத தொடுகை, ஓட்டத்தில் எப்படி அம்பலமாகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

இன்று கேமராவிலிருந்து ஒரு கம்பி கணினிக்குச் செல்கிறது. ஸ்டூடியோக்களில் பரவலாக இருக்கும் டிராகன்ஃபிரேம், செல்பேசியில் தொடங்குபவர்களுக்கு எளிதான ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ போன்றவற்றின் அடிப்படை ஒன்றே: கேமரா இப்போது காணும் காட்சியின் மேல், கடைசியாக எடுத்த படத்தை அரைகுறையாக ஊடுருவித் தெரியும்படி படியவைத்துக் காட்டுவது. ஆனியன் ஸ்கின் என்று இதற்குப் பெயர்; கையால் வரைந்து அனிமேஷன் செய்த காலத்தில் வெங்காயத் தோல்போல் மெல்லிய தாளை முந்தைய படத்தின் மேல் வைத்து வரைந்ததிலிருந்து வந்தது. பழகியவர்கள் அதைக்கூட அதிகம் நம்புவதில்லை. இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கலங்கித் தெரியும்போது நுட்பமான அசைவு கண்ணுக்குப் பிடிபடாது. கடைசிப் படத்தையும் நேரடிக் காட்சியையும் ஒரே விசையால் மாறி மாறித் தட்டிப் பார்ப்பார்கள். தோள் அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் அது துள்ளிக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டல் ஸ்டில் கேமராக்கள் இந்த வேலைக்குத் தகும் என்பது 2005இல் வெளியான 'கார்ப்ஸ் பிரைட்' என்ற முழுநீளப் படம் அவற்றாலேயே எடுக்கப்பட்டபோது ஐயத்துக்கு இடமின்றி உறுதியாயிற்று.

பொம்மை ஒன்று கையை ஆறு சென்டிமீட்டர் உயர்த்துவதை ஒரு விநாடியில் காட்ட வேண்டும் என்று கொள்வோம். விநாடிக்கு 24 ஃபிரேம் இருந்தாலும் பெரும்பாலோர் 12 நிலைகளையே எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்துவார்கள். 60 மில்லிமீட்டரை 12ஆல் வகுத்து, ஒவ்வொரு முறையும் ஐந்து மில்லிமீட்டர் உயர்த்தினால் கை உயரும். ஆனால் அது பொம்மையின் கையாக இராது, சுங்கச்சாவடித் தடுப்புக் கம்பம் மேலெழுவதுபோல் இருக்கும். அதற்குப் பதிலாக 1, 2, 4, 6, 8, 9, 9, 8, 6, 4, 2, 1 என்று நகர்த்திப் பாருங்கள். கூட்டுத்தொகை அதே 60தான். கை தயங்கித் தொடங்கி, நடுவே விரைந்து, மெல்ல வந்து நிற்கும்; அதற்கு எடை வந்துவிடும். கடைசியில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் போய்த் திரும்பி வந்தால் இன்னும் உயிர்ப்பு. இந்த எண்களை எந்தப் படத்தொகுப்பு மென்பொருளும் பின்னர் தர முடியாது. நிறுத்தத்தை நீட்டலாம், ஒரு நிலையை நீக்கி வேகத்தைக் கூட்டலாம்; அவ்வளவே. பேச்சுக்கேற்ற வாயசைவு வேண்டுமானால் ஒலிப்பதிவை முதலில் மென்பொருளில் ஏற்றி, எந்த ஃபிரேமில் எந்த எழுத்து ஒலிக்கிறது என்று அட்டவணையில் குறித்துக்கொண்ட பிறகே பொம்மையின் பக்கம் போக வேண்டும்.

பொம்மையைத் தவிர மற்றெதுவும் அசையக் கூடாது என்பது எழுதும்போது எளிதாக இருக்கிறது. சன்னலிலிருந்து வரும் பகலொளி மணிக்கு மணி மாறும். நான்கு மணி நேரம் எடுத்த பத்து விநாடிக் காட்சியில் சூரியன் ஓடுவது தெரியும். ஆகவே திரைச்சீலையை மூடி, மாறாத விளக்குகளையே நம்ப வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் வேகம் 1/100 விநாடியின் முழு மடங்காக இருந்தால் அந்தத் துடிப்பு படத்துக்குப் படம் மாறாது. எடுப்பவரின் வெளிர் நிறச் சட்டைகூட பொம்மையின் கன்னத்தில் ஒளியைத் திருப்பியடிக்கும்; ஸ்டூடியோக்களில் கறுப்பு உடை அணிவது பகட்டுக்காக அல்ல. ஒவ்வொரு படத்தையும் எடுக்கும்போது ஒரே இடத்தில் நிற்பது அதைவிட நல்லது.

ஒருமுறை 83ஆவது நிலையில் என் முழங்கை முக்காலியில் பட்டுவிட்டது. ஆனியன் ஸ்கின்னில் பார்த்துக் கேமராவைப் பழைய இடத்துக்கு ஏறத்தாழக் கொண்டுவந்துவிட்டேன். எஞ்சியதை மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம் என்று தொடர்ந்தேன். பின்னணியில் இருந்த சுவரைப் பொருத்தினால் முன்னால் இருந்த மேசை விலகியது. மேசையைப் பொருத்தினால் சுவர் விலகியது. கேமரா நின்ற இடத்திலேயே சற்றுத் திரும்பியிருந்தால் படத்தை நகர்த்தியும் சுழற்றியும் சரிசெய்துவிடலாம். அது நின்ற இடமே மாறினால், அருகிலுள்ள பொருளும் தொலைவிலுள்ள பொருளும் வேறு வேறு அளவில் இடம்பெயரும். அதை ஒரே திருத்தத்தால் மீட்க முடியாது. அந்தக் காட்சியை அவ்விடத்தில் வெட்டி, அடுத்ததை வேறு கோணத்தில் தொடங்கியதுதான் நடந்த தீர்வு. படத்தொகுப்பின் மிகப் பழைய கருவியான கத்தரிக்கோல் அன்று காப்பாற்றியது.

தொகுப்பு மென்பொருள் உண்மையிலேயே அற்புதம் செய்யும் இடம், தாங்கிகளை அழிப்பது. குதிக்கும் பொம்மை காற்றில் நிற்காது. கம்பியொன்று அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். பொம்மை இல்லாத வெறும் மேடையை அதே ஒளியில் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஃபிரேமிலும் கம்பி இருக்கும் பகுதியை மறைத்து அதன் வழியே வெறும் மேடையைக் காட்டிவிடலாம். கம்பியின் நிழலையும் மறக்காமல் அழிக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள ஒரே நுணுக்கம். அந்த ஒரு வெற்றுப் படத்தை எடுக்கத் தவறியவர் பின்னர் ஒவ்வொரு ஃபிரேமாகப் பின்னணியை வரைந்துகொண்டிருப்பார்.

படங்களைத் தொகுப்பு மென்பொருளுக்குள் கொண்டுவரும்போது வரும் சிக்கல்கள் பெரும்பாலும் கோப்புப் பெயர்களால் வருபவை. பிரீமியர், டாவின்சி ரிசால்வ், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிளெண்டர், எஃப்எஃப்எம்பெக் என எதுவாயினும், தொடர் எண்ணுள்ள நிழற்படங்களை ஒரே காணொளித் துண்டாக எடுத்துக்கொள்ளும். ஆனால் கேமராவின் எண்ணிக்கை 9999ஐ எட்டியதும் 0001க்குத் திரும்பிவிடும். வரிசைப்படுத்தினால் விரிந்த மலர் முதலிலும் மொட்டு பிறகும் வந்து நிற்கும். சரியில்லாத ஒரு படத்தை நடுவில் நீக்கினால் எண்ணில் இடைவெளி விழுந்து, ஒரு துண்டு இரண்டாகப் பிரியும். எடுத்த நேரத்தின் வரிசையில் அடுக்கி, முன்னே சுழியங்கள் இட்டு எல்லாவற்றுக்கும் புதிய எண் கொடுத்துவிட்டால் இவை தீரும். அடுத்தது ஃபிரேம் வேகம். 12 நிலைகளாக எடுத்த ஸ்டாப் மோஷனை மென்பொருள் தன் வழக்கப்படி 24 என்று எடுத்துக்கொண்டால் பொம்மை இருமடங்கு வேகத்தில் பதறிக்கொண்டு ஓடும்; எஃப்எஃப்எம்பெக், சொல்லாவிட்டால் 25 என்றே கொள்ளும். திட்டத்தின் வேகத்தை 24 என அமைத்து, துண்டின் வேகத்தை மட்டும் 12 என்று குறிப்பிடுவதே முறை.

ஃபிரேம்களுக்கு நடுவே புதிய ஃபிரேம்களைக் கணித்து இட்டு அசைவை வழவழப்பாக்கும் வசதி இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. மெல்ல ஊரும் மேகத்துக்கு அது பொருந்தும். ஸ்டாப் மோஷனில் நான் அதைத் தொடுவதில்லை: 1, 2, 4, 6 என்று கையால் அமைத்த தயக்கத்தை அது அரைத்து மாவாக்கிவிடுகிறது, ஒன்றையொன்று கடக்கும் கைகால்கள் ரப்பராக இழுபடுகின்றன.

கடைசியில் காணொளியைச் சுருக்கி ஏற்றுமதி செய்யும்போது ஒரு முரண் காத்திருக்கிறது. எச்.264 போன்ற சுருக்க முறைகள், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்ற நம்பிக்கையில் இயங்குபவை. ஸ்டாப் மோஷனில் பின்னணி அசையாது என்பதால் சிறிய கோப்பிலேயே தரம் நிற்கும். டைம்லாப்ஸில் இலைகள், அலைகள், கூட்டம் என எல்லாமே ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால், வழக்கமான பிட் வீதத்தில், அதாவது விநாடிக்கு ஒதுக்கும் தரவின் அளவில், அது சதுரம் சதுரமாகச் சிதைந்துவிடும்; இரண்டு மடங்காவது கூட்டி வைப்பது நல்லது. சுருக்கிய காணொளியை முதன்மைப் பிரதியாக வைத்துக்கொண்டு நிழற்படங்களை நீக்குபவர்கள் இருக்கிறார்கள். 24 மெகாபிக்சல் படத்தின் அகலம் 6,000 பிக்சல். முழு எச்டி காணொளியின் அகலம் 1,920, 4கே காணொளியினது 3,840. சில ஆண்டுகளுக்கு முன் முழு எச்டியில் வெளியிட்ட அவரைச் செடியை, அதே 2,400 கோப்புகளிலிருந்து 4கேயில் மீண்டும் எடுத்தபோது, தண்டு நிமிரும் இடத்தில் சட்டத்தை மெல்ல நெருக்கிக்கொண்டு போகவும் இடம் மிச்சம் இருந்தது.